கீப், கெப்ட், கெப்ட்

ஜூன் 3, திங்கள்

தினமும் டைரி எழுத வேண்டும் என்று பெனிட்டா மிஸ் உத்தரவு போட்டுவிட்டாள். இங்கிலீஷில்தான் எழுத வேண்டுமாம். எழுதிப் பார்த்தேன். எழுந்தேன், டீ குடித்தேன், கம்பெனிக்குப் போனேன், வந்தேன். நாலே வரியில் என் பிழைப்பு முடிந்துவிட்டது. மிஸ்ஸுக்குக் காட்ட அந்த நாலு வரி தனித்தாளில் இருக்கட்டும். மற்றதை இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

நோட்டு புதிதல்ல. கம்பெனியில் கழித்துப் போட்ட ஆர்டர் புத்தகம். பின்பக்கத்திலிருந்து அவருடைய சுகர் அளவு, ஊசி அளவு, மாத்திரை மாற்றினால் அதன் பெயர் எல்லாம் நாலு வருஷமாக எழுதி வருகிறேன். முன்பக்கம் சும்மாதான் கிடந்தது.

வகுப்பு, கரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பேக்கரி மாடியில். திங்கள், புதன், வெள்ளி, மாலை ஆறேகால். பேக்கிங் செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர் ஆக வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வரும் பையர் கேட்கிற கேள்விக்கு வாயைத் திறந்து பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நாற்பத்தேழு வயதில் நான் வாயைத் திறக்கக் கற்றுக்கொள்கிறேன். மிஸ்ஸுக்கு இருபத்து நாலு.

சேர்க்கைப் படிவத்தில் தந்தை அல்லது கணவர் பெயர் என்று ஒரு கோடு. அப்பா பெயரை எழுதினேன். அவர் போய் இருபத்தேழு வருஷம் ஆகிறது. இன்னும் படிவத்துக்குப் படிவம் அவர்தான் எழுந்து வர வேண்டியிருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

வழக்கம்போலக் காலை ஆறரைக்கு அவர் வந்தார். சுகர் நூற்று எழுபத்தெட்டு. ஊசி இருபத்திரண்டு யூனிட். மூன்று இட்லி. வகுப்பில் சேர்ந்ததைச் சொன்னேன்.

"நீ இங்கிலீஷ் பேசி, அதை ஆரு கேக்கப் போறாங்க?" என்றார்.

"நீங்க கேக்க வேண்டாமுங்க. காதைப் பொத்திக்கங்க" என்றேன். சிரித்தார். ஏழரைக்குக் கிளம்பிவிட்டார்.

ஜூன் 5, புதன்

மாடியில் கரண்ட் இல்லை, வகுப்பு இல்லை. ஒரு பப்ஸ் தின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

அவரைப் பற்றி எழுதாமல் மற்றதெல்லாம் எழுதினால் இது பொய் நோட்டாகிவிடும். ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

நாச்சிமுத்து. வயது அறுபத்து மூன்று. பஸ் பாடி கட்டும் ஷெட் வைத்திருந்தவர். ரெண்டு தெரு தள்ளி அவருக்கு வீடு, மனைவி, மகன் எல்லாம் உண்டு. நான் ஷெட்டுக்கு பில் எழுதப் போனவள். பத்தொன்பது வருஷம் ஆகிறது.

எட்டு வருஷத்துக்கு முன் மகன் நவநீதன் ஷெட்டைக் கையில் எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து இந்த வீட்டு வாடகை என் சம்பளத்தில், அரிசி என் சம்பளத்தில், நாலு வருஷமாக அவர் ஊசியும் என் சம்பளத்தில். ஊர் மட்டும் இன்னும் "நாச்சிமுத்து வச்சிருக்கற பொம்பள" என்றுதான் சொல்கிறது. ஊருக்கு யார் பில் காட்டுவது?

சுகர் வந்தது அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. "தெரிஞ்சா சீக்காளின்னு மூலையில உக்கார வெச்சுருவானுங்க" என்பார். அதனால் வீட்டில் வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வருகிறார். வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்து, ஊசி போட்டுக்கொண்டு, இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். நாலு வருஷ வாக்கிங்கில் அந்த ஷூ அழுக்கானதே இல்லை. அதையும் அந்த வீட்டில் யாரும் கவனித்ததில்லை.

ஜூன் 10, திங்கள்

இன்றைக்கு ஒரு வினைச்சொல். கீப்.

மிஸ் போர்டில் எழுதியதும் கடைசி பெஞ்சில் குபுக்கென்று சிரிப்பு. செல்போன் கடை லோகு எழுந்து, "மிஸ், நான் ஒரு சென்டென்ஸ் சொல்றேன். மை ஓனர் ஹேஸ் எ கீப்" என்றான். வகுப்பே உருண்டது. நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். சிரிக்காவிட்டால் திரும்பிப் பார்ப்பார்களே.

மிஸ்ஸுக்குக் காது சிவந்துவிட்டது. "அதெல்லாம் நம்மூர்ல நாமளா பண்ணிக்கிட்ட இங்கிலீஷ். வெளியூர்க்காரங்ககிட்ட அப்படிச் சொன்னா புரியவே புரியாது. கீப்ங்கறது பெயர்ச்சொல்லா வந்தா, ஒருத்தர் உயிர் வாழத் தேவையான சோறு, துணி, இருக்க இடம். ஏர்ன் யுவர் கீப்னா, உன் சோத்தை நீ ஒழைச்சுத் தின்னுன்னு அர்த்தம்" என்றாள்.

எழுதிக்கொண்டேன். அந்த அர்த்தத்தில் பார்த்தால் எனக்கு ஒரு கீப் இருக்கிறது. அதைப் பதினெட்டு வயதிலிருந்து நானே சம்பாதித்துக்கொண்டு இருக்கிறேன்.

மற்ற அர்த்தங்கள்: வைத்துக்கொள். பத்திரப்படுத்து. தொடர்ந்து செய். வாக்கைக் காப்பாற்று. ரகசியம் காத்துக்கொள். சும்மா இரு என்பதற்குக்கூட கீப் கொயட்தான். டைரி எழுதுவது, கீப் எ டைரி. ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை. எங்கள் பேக்கிங் செக்‌ஷனில்கூட ஒருத்தி தலையில் இவ்வளவு கட்டமாட்டார்கள்.

ஜூன் 12, புதன்

கண்ணில் படுவதெல்லாம் கீப். லாரிக்குப் பின்னால் கீப் டிஸ்டன்ஸ். பாலத்துக்குப் பக்கத்தில் கீப் லெஃப்ட். காலையில் ஊசி மருந்தை எடுத்தேன், அட்டைப்பெட்டியில் கீப் ரெஃப்ரிஜிரேட்டட். நாலு வருஷமாக ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன், மெடிக்கலில் சொன்னார்கள் என்று. இன்றைக்குத்தான் பெட்டி சொன்னது புரிந்தது.

வகுப்பில் காலங்கள். கீப், கெப்ட், கெப்ட். "ஐ ஹேவ் கெப்ட் இட் ஃபார் டென் இயர்ஸ்னா, பத்து வருஷமா வெச்சிருக்கேன், இன்னும் எங்கிட்டதான் இருக்கு. ஐ கெப்ட் இட் ஃபார் டென் இயர்ஸ்னா, வெச்சிருந்தேன், இப்ப இல்லை. முடிஞ்சுபோச்சு" என்றாள் மிஸ்.

நடுவில் ஒரு ஹேவ். அது இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. வெள்ளைக்காரன் கெட்டிக்காரன்தான்.

ஜூன் 19, புதன்

திருச்சிக்கு டாக்டரைப் பார்க்கப் போய் வந்தோம். ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அவர் வந்தார். நான் அரை நாள் லீவு. பஸ்ஸில் அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம்.

நெஞ்சுத் துடிப்பு சீராக இல்லை, அதனால் ரத்தம் கட்டிப்போகலாம் என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை. "வேற எந்த டாக்டர்கிட்டப் போனாலும், பல்லுப் புடுங்கப் போனாக்கூட, இதைச் சாப்பிடறதை முதல்ல சொல்லணும். இல்லன்னா ஆபத்தாயிரும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. இவரும் திருத்தவில்லை. ஒரு அஞ்சு நிமிஷம் நன்றாக இருந்தது.

திரும்பும்போது, "உங்க வீட்டுலயும் சொல்லிருங்க. திடீர்னு ஒண்ணுன்னா..." என்றேன்.

"என்ற மானத்தை வாங்காத. ஆருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. சத்தியம் பண்ணு."

கீப் எ சீக்ரெட். பண்ணினேன். "நீங்க ஒண்ணு பண்ணிக் குடுங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்கு ஒரு வார்த்தை வரோணும். கடைசியில பாக்க விடாம என்னை வாசல்ல நிறுத்தக்கூடாது. உங்க வீட்டுல இப்பவே சொல்லி வெச்சிருங்க" என்றேன்.

"சொல்றேன், சொல்றேன்" என்றார். ரெண்டு தடவை சொன்னால் செய்யமாட்டார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 24, திங்கள்

மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. இரவு மாத்திரையை அவர் சட்டைப் பையில் போட்டுக் கொடுத்தனுப்புகிறேன். சுகர் நூற்று அறுபது.

ஜூன் 28, வெள்ளி

வரவில்லை. ஏழேகால். போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. இட்லி ஆறிவிட்டது.

ஜூன் 29, சனி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

ஏழே முக்காலுக்கு பால் பூத் அண்ணன் சொன்னார். நாச்சிமுத்து வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்ததாம், பாத்ரூமில் விழுந்துவிட்டாராம். ஒரு வார்த்தை வரும் என்று கேட்டிருந்தேனே. அது பால் பூத்தில் வந்து சேர்ந்தது.

நோட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். எமர்ஜென்சி வாசலில் அவர் மனைவி ருக்குமணியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நவநீதன். நான் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றேன். ருக்குமணியம்மா என்னைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்து முழங்காலில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

ஒரு சின்ன வயது லேடி டாக்டர் வந்தார். கேரளத்துப் பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது. நவநீதனிடம் இங்கிலீஷில் பேசினார். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் எனக்கு அது மழைச் சத்தம். நேற்று முக்கால்வாசி புரிந்தது. மூளைக்குப் போகும் ரத்தத்தில் கட்டி. கரைக்க ஊசி இருக்கிறது, சீக்கிரம் போட வேண்டும். அதற்கு முன் தெரிய வேண்டும், சுகர் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா?

"நோ, நோ. ஹி இஸ் பெர்ஃபெக்ட்லி ஹெல்த்தி. டெய்லி வாக்கிங்" என்றான் நவநீதன்.

"ஆர் யூ ஷ்யூர்? சுகர் நானூறு காட்டுதே" என்றார் டாக்டர்.

"அவரு ஒரு மாத்திரையும் சாப்பிடறதில்லைங்க" என்றார் ருக்குமணியம்மா. பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சத்தியம் பண்ணியிருக்கிறேனே என்று நினைத்தேன். அந்த நினைப்பு எத்தனை நேரம் இருந்தது என்று சொல்ல முடியவில்லை. கால் தானாக முன்னால் போய்விட்டது.

"மேடம், ஹி இஸ் டேக்கிங் டேப்லட்" என்று நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி நீட்டினேன்.

டாக்டர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். மாத்திரையின் பெயர், ஆரம்பித்த தேதி, முந்தின நாள் இரவு வரை. முகம் மாறிவிட்டது. உள்ளே பார்த்து ஏதோ கத்தினார். ஊசியை நிறுத்தச் சொன்னார் என்பது வரை எனக்குப் புரிந்தது. பிறகு பின்னாலிருந்து முன்னால் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நாலு வருஷம்.

"யூ கெப்ட் திஸ்?"

"யெஸ் மேடம். ஐ கெப்ட்."

நான் இங்கிலீஷில் பேசிய முதல் உரையாடல் அதுதான். இலக்கணமும் சரி.

"அண்ட் யூ ஆர்?"

மிஸ் எத்தனையோ சொல்லிக் கொடுத்திருக்கிறாள், இதற்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. நவநீதன்தான் சொன்னான். எனக்குப் புரியாது என்ற தைரியத்தில், குரலைத் தாழ்த்தாமலே சொன்னான்.

"ஷி இஸ் மை ஃபாதர்ஸ் கீப்."

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "கீப்? கீப் வாட்?"

நவநீதன் விழித்தான். டாக்டர் காத்திருந்தார். கீப் என்ன, கீப் எதை, சொல் முடியவில்லையே என்று நிஜமாகவே குழம்பிப்போய் நின்றார். மிஸ் சொன்னது சரிதான், வெளியூர்க்காரர்களுக்குப் புரியவே இல்லை.

"ஓ, ஹவுஸ்கீப்பர்?" என்றார் டாக்டரே.

"யெஸ். யெஸ். ஹவுஸ்கீப்பர்" என்றான் நவநீதன். தப்பித்தோம் என்ற மூச்சு அவன் மூக்கிலிருந்து வந்தது.

டாக்டர் என் தோளில் கை வைத்தார். "வெரி குட். நீங்க சொன்னது நல்லதாச்சு. அந்த ஊசி போட்டிருந்தா தலைக்குள்ள ரத்தம் வந்து ஆளே போயிருக்கும்" என்று தன் தமிழில் சொன்னார். செல்போனில் கடைசிப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா உள்ள ஃபேமிலி மட்டும்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்து இட்லியை மாட்டுக்கு வைத்தேன்.

ஜூலை 1, திங்கள்

வகுப்புக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? இன்றைய வினைச்சொல் லெட். அனுமதி கொடு. மிஸ் சொல்லச் சொன்ன வாக்கியம், லெட் மி இன். நாலு தடவை சொன்னேன். உச்சரிப்பு நன்றாக வருகிறதாம்.

ஜூலை 3, புதன்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பால் பூத் அண்ணன் சொன்னார்.

ஜூலை 4, வியாழன்

மதியம் கம்பெனியில் சொல்லிவிட்டுப் போனேன். வார்டு வாசலில் செக்யூரிட்டி, "நீங்க ஆரு?" என்றான்.

"ஹவுஸ்கீப்பர்" என்றேன். விட்டுவிட்டான்.

ருக்குமணியம்மா சாப்பிடப் போயிருந்தார். கட்டிலில் இவர் மட்டும். வலது கை அசைவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. யாரோ ஷேவ் செய்து தாடையில் வெட்டியிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஏழு நாள், உயிரோடு இருக்கிறாரா என்று பால் பூத்தில் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"ஏனுங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். நன்றாகத் தெரிந்துகொண்டுதான் பார்த்தார். வாயைக் கூட்டி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"சுகரு... நீதான் சொன்னயா?"

"சொல்லலைன்னா..."

"வாயை வெச்சுட்டு... சும்மா இருக்க மாட்டயா?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் ஒன்று சொன்னார். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ வந்துருவா. போ."

வந்துவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை.

ஜூலை 6, சனி

இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். உயிரைக் காப்பாற்றினாயே என்று மாலை போடுவார் என்றா எதிர்பார்த்தேன்? இல்லை. சாந்தா என்று என் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். அதுகூட வரவில்லை.

ஜூலை 10, புதன்

பேக்கிங் செக்‌ஷனுக்கு பையர் வந்தான். நெட்டையான ஆள். பெட்டியைக் காட்டி எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டான். "கீப் இட் ட்ரை சார், நோ ப்ராப்ளம்" என்றேன். மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பால் பூத் அண்ணனிடம் சொன்னேன்.

ஜூலை 14, ஞாயிறு

நவநீதன் வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். பதினாலு வயதில் பள்ளிக்கூடம் விட்டு ஷெட்டுக்கு வரும்போது என் மேசையில் உட்கார்ந்து பில் புத்தகத்தில் பஸ் படம் போடுவான். அப்போது நான் அவனுக்கு அக்கா. விஷயம் தெரிந்த பிறகு என்னைக் கூப்பிட அவனிடம் ஒரு வார்த்தையும் இல்லாமல் போய்விட்டது.

"அக்கா" என்றான் இன்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே வா தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், "வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. அப்பா அந்த நோட்டை வாங்கிட்டு வரச் சொன்னாருங்க. சுகர் ஏறுனா எத்தனை போடோணும், எறங்குனா எத்தனைன்னு அதுலதான் இருக்குதாமா. இனி நாங்களே பாத்துக்கறோம்" என்றான்.

"வேற ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லைங்கக்கா."

ஊசி அளவு வேண்டும் என்பதற்காக அந்த அக்கா திரும்பி வந்திருக்கிறது. நான் உள்ளே போய், பின்பக்கத் தாள்களை அடிக்கட்டையோடு ஸ்கேல் வைத்துக் கிழித்தேன். ஒன்றுகூட விடவில்லை. முன்பக்கத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். ஃபிரிட்ஜில் இருந்த மருந்தை டிபன் பாக்ஸில் போட்டு, சுற்றி ஈரத்துணி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"இதை ஐஸ்ல வெக்கோணுமா?"

"பெட்டியிலேயே எழுதியிருக்குது தம்பி. கீப் ரெஃப்ரிஜிரேட்டட். டூ நாட் ஃப்ரீஸ்."

அவன் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். மருத்துவமனை வாசலில் தான் பேசியது முழுவதும் எனக்குப் புரிந்திருந்தது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் கறுத்துவிட்டது. கீப் கொயட் எனக்கும் வரும்.

"அவரு டம்ளர் ஒண்ணு இங்க இருக்குது. எவர்சில்வர். அதையும் எடுத்துட்டுப் போயிரு" என்றேன்.

"இருக்கட்டுங்க. நீங்களே வெச்சுக்கங்க" என்றான்.

ஜூலை 19, வெள்ளி

கடைசி வகுப்பு. பரீட்சை. கீப் என்ற சொல்லை வைத்து ஐந்து வாக்கியம் எழுத வேண்டும், ஒன்றுக்கு ரெண்டு மார்க். நாலு சட்டென்று வந்துவிட்டது. லாரி, பாலம், மருந்துப் பெட்டி, டைரி.

ஐந்தாவதாக எழுதினேன். ஐ ஹேவ் கெப்ட் ஹிம் ஃபார் நைன்டீன் இயர்ஸ். எழுதிவிட்டுப் பார்த்தேன். ஹேவ் என்பதை மட்டும் அடித்தேன்.

மிஸ் திருத்திக்கொண்டே வந்து அந்த இடத்தில் பேனாவை நிறுத்தினாள். "அக்கா, காலம் கரெக்ட். ஆனா ஹிம்னு போட்டிருக்கீங்களே? ஆளைப் போய் கீப் பண்ணுனேன்னு எழுதுனா தப்பு அர்த்தம் வந்துரும். இட்னு மாத்திருங்க."

"தப்பு அர்த்தம் எனக்குத் தெரியும் மிஸ். அது அப்படியே இருக்கட்டும்."

"மார்க் போயிரும்க்கா."

"போகட்டும்" என்றேன். பத்துக்கு எட்டு போட்டுக் கொடுத்தாள்.